உட்கார்ந்த உயரத்துக்கு இறங்குமா?

1

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு ஏமாற்றிவிட்டாள் என்று திட்டாதீர்கள். இந்தக் கதை என் கற்பனையில் பிறக்கவில்லை. என் நாத்தனாரின் வலது மார்பகத்தில் பிறந்தது. எழுதிக் கொடுக்கும் வேலை மட்டும்தான் என்னுடையது.

மார்பகம் என்று எழுதவே எனக்குக் கை கூசியது. அது சுவரொட்டிகளுக்கான சொல். கவிஞர்களிடம் வேறொரு சொல் இருக்கிறது, அதை அவர்களே வைத்துக்கொள்ளட்டும். வீட்டில் நாங்கள் ‘அது’ என்போம். ‘அதுல வலிக்குதா?’ ‘அதுல ஏதும் தட்டுப்படுதா?’ பக்கத்தில் ஆண்பிள்ளை யாராவது இருந்தால் ‘அது’வும் போய்விடும், கண்ணை மட்டும் கீழே காட்டுவோம். பெயரைச் சொல்லவே இவ்வளவு தயங்குகிற குடும்பம் அதைக் கொண்டுபோய் டாக்டரிடம் காட்ட எவ்வளவு தயங்கும் என்று ஒரு கட்டுரை எழுதலாம். இது கட்டுரை அல்ல. (கட்டுரையாகிக்கொண்டிருப்பது போலத் தோன்றினால் ஒரு தும்மல் போடுங்கள், நிறுத்திவிடுகிறேன்.)

ஸ்கேன் சென்டரிலிருந்து வாடகை வண்டியில் திரும்பிக்கொண்டிருந்தோம். அங்கே நடந்ததை நினைத்து நினைத்து இருவரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தோம். வாய்தான் சிரித்ததே தவிர, என் மனம் அப்போதே முதல் வரியைத் தேடத் தொடங்கிவிட்டது. அவள் கண்டுபிடித்துவிட்டாள்.

“அண்ணி, இதை எழுதப் போறீங்க.”

“இல்லையே.”

“முகத்துல எழுதி ஒட்டியிருக்கு. எழுதுங்க, ஆனா என்னைச் சாகடிக்கக் கூடாது.”

நியாயமான பயம்தான். என் புத்தகங்களில் கடைசி அத்தியாயத்தை உயிரோடு தாண்டியவர்கள் குறைவு. ஒரு நாவலில் நாயைக்கூட விட்டுவைக்கவில்லை. சரி என்று வாக்குக் கொடுத்தேன்.

2

முதல் தொடக்கம்: சக்கர நாற்காலியில் அமர்ந்து, ஜன்னலுக்கு வெளியே விரிந்த வானத்தை ஏக்கத்தோடு பார்த்துக்கொண்டிருந்த அவளுடைய ஈரக் கண்களில்

இதைத் தொலைபேசியில் படித்துக் காட்டினேன். நாற்காலியில் இருப்பவள் என்றால் வானத்தைத்தான் பார்க்க வேண்டுமா என்று கேட்டாள். அவள் ஜன்னல் வழியே பார்த்தால் எந்த பஸ் வந்து நிற்கிறது என்றுதான் பார்ப்பாளாம். கண்ணும் காய்ந்துதான் இருக்கிறதாம்.

இரண்டாவது தொடக்கம்: மாற்றுத்திறனாளிப் பெண்கள் புற்றுநோய்ப் பரிசோதனைக்குச் செல்வது மிகவும் குறைவு என்றும், அதற்கான காரணங்களை ஆராயும்போது

“தூக்கம் வருது அண்ணி.”

மூன்றாவது தொடக்கம்: பயணிகளின் கவனத்திற்கு.

“ம்,” என்றாள். அவள் வாயிலிருந்து வரும் ‘ம்’ பெரிய பரிசு.

அவள் பேருந்து நிலையத்தின் அறிவிப்பாளர். கண்ணாடி அறை, மேஜையில் மைக், பக்கத்தில் ஒரு ஃபிளாஸ்க். எந்த வண்டி எங்கே நிற்கிறது, எது தாமதம், யாருடைய பை கேட்பாரற்றுக் கிடக்கிறது, எந்தக் குழந்தை அம்மாவைத் தொலைத்துவிட்டு அழுகிறது, எல்லாம் அவள் சொல்லித்தான் ஊருக்குத் தெரியும். ஊரில் பாதிப் பேருக்கு அவள் குரல் பழக்கம், முகம் தெரியாது.

அவளுக்கு ஒரு தொழில் பழக்கம் உண்டு. எதையும் இரண்டு முறை சொல்வாள். முதல் தடவை சத்தம்தான் காதில் விழும், இரண்டாவது தடவைதான் விஷயம் விழும் என்பது அவள் கொள்கை. வீட்டுக்கு வந்தாலும் அதே கதைதான். “அண்ணி, உப்பு. அண்ணி, உப்பு.” என் கணவர், அதாவது அவளுடைய அண்ணன், முதல் தடவைக்கு அசையவே மாட்டார். எப்படியும் இன்னொன்று வரும் என்று அவருக்குத் தெரியும்.

[அடிக்குறிப்பு மாதிரி ஒன்று: அவள் எப்படி நாற்காலிக்கு வந்தாள் என்று உங்களுக்கு இந்நேரம் நாக்கு அரித்திருக்கும். பக்கத்தில் வந்து நிற்கிற எல்லாரும் ‘எப்படிம்மா ஆச்சு?’ என்று கேட்டுவிட்டுத்தான் மணி என்ன என்றே கேட்பார்கள். சின்ன வயதிலேயே ஆயிற்று. அதற்கு மேல் சொல்லக் கூடாது என்பது அவளுடைய இரண்டாவது நிபந்தனை.]

3

கதை இங்கே தொடங்குகிறது. இனி நான் குறுக்கே வரமாட்டேன். (வருவேன்.)

அவளுடைய அம்மாவை, என் மாமியாரை, மார்பகப் புற்றுநோய் கொண்டுபோனது. வலது பக்கம். தெரியவந்தபோது டாக்டர் கையை விரித்துவிட்டார். அம்மாவுக்கு வந்திருப்பதால் மகள் வருஷா வருஷம் மேமோகிராம், அதாவது மார்பக எக்ஸ்ரே, எடுத்துப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று அன்றைக்கே சொல்லியிருந்தார்கள். அவள் இன்றைக்கு நாளைக்கு என்று தள்ளிக்கொண்டே வந்தாள். இப்போது அம்மாவுக்கு வந்த வயது அவளுக்கும் நெருங்கிவிட்டது. ஒரு நாள் காலையில் எனக்கு போன் செய்து, “போலாம் அண்ணி,” என்றாள். நான் உடுத்தியிருந்த உடையோடு கிளம்பினேன், அவள் மனம் மாறுவதற்குள்.

ஸ்கேன் சென்டர் வாசலில் சாய்தளம் இருந்தது. அதைத் திறந்துவைத்தவர் பெயர் பொறித்த கல், சாய்தளத்தைவிடக் கொஞ்சம் பெரியது. அவளுடைய மின்சார நாற்காலி ஜம்மென்று ஏறியது. உள்ளே வரவேற்பு மேஜை அவள் தலைக்கு மேலே இருந்தது. மேஜைக்குப் பின்னாலிருந்த பெண் என்னைப் பார்த்து, “அவங்க வயசு என்ன? அவங்க சாப்பிட்டாங்களா?” என்று கேட்டார்.

நாத்தனார் தொண்டையைச் செருமினாள். எனக்குப் புரிந்துவிட்டது, ஒரு அடி தள்ளி நின்றுகொண்டேன்.

“பயணிகளின் கவனத்திற்கு. நோயாளி கீழே இருக்கிறார். நோயாளி கீழே இருக்கிறார்.”

வரவேற்புப் பெண் எழுந்து மேஜையைத் தாண்டி எட்டிப் பார்த்தார். காத்திருந்தவர்களில் ஒருவர் பையைத் தூக்கிக்கொண்டு வாசலை நோக்கிப் புறப்பட்டேவிட்டார்.

படமெடுக்கிற அறையில் ஒரு இளம்பெண் இருந்தார். தலையில் பெரிய மஞ்சள் கிளிப். அப்படியே கூப்பிடுவோம். நின்றுகொண்டிருப்பவர்களுக்கென்று யாரோ நின்றுகொண்டே யோசித்துச் செய்த இயந்திரம் அது. உயரமான தூண், அதில் ஏறி இறங்கும் ஒரு கை, கையில் இரண்டு தட்டுகள். புத்தகத்துக்குள் இலையை வைத்து அமுக்குவது போல, அதை நடுவில் வைத்து அமுக்கிப் படமெடுப்பார்கள்.

“ஒரே ஒரு நிமிஷம் எழுந்து நிக்க முடியுமா?” என்றார் மஞ்சள் கிளிப்.

“விவரம் தெரிஞ்ச நாள்லேருந்து முயற்சி பண்றேன். இன்னைக்கு நல்ல நாளான்னு பாக்கலாம்.”

மஞ்சள் கிளிப் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு காத்திருந்தார். பாவம். பிறகு இயந்திரத்தை இறக்கிப் பார்த்தார். அது நாத்தனாரின் மூக்குவரை இறங்கி நின்றுவிட்டது. இதற்குக் கீழே போகாது என்றும், தான் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்தே இப்படித்தான் என்றும் சொன்னார்.

அப்புறம் நடந்ததை என்னால் கண்ணியமாக எழுத முடியாது. கதிர் படாமலிருக்க எனக்கு ஒரு கனமான கவசத்தை மாட்டிவிட்டார்கள். நான் பின்னாலிருந்து அவளைக் கட்டிப்பிடித்துத் தூக்கினேன். மஞ்சள் கிளிப் முன்னாலிருந்து அதைத் தட்டில் வைத்துவிட்டு, பொத்தானை அழுத்த ஓடினார். அவர் ஓடிய நேரத்தில் இவள் நழுவினாள். அவர் திரும்பி ஓடிவந்தார். நான் இன்னும் இறுக்கிப் பிடித்தேன். “அண்ணி, எனக்கு மூச்சு வேணும்,” என்றாள். எப்படியோ ஒரு படம் எடுத்தாயிற்று.

படம் பார்க்கிற டாக்டர் தானே வெளியே வந்தார். என் கையைப் பார்த்தார். படத்தில் கொஞ்சம் மார்பகமும் நிறைய என் விரலும் விழுந்திருந்தன. கல்யாணமே வேண்டாம் என்று இருந்துவிட்ட என் நாத்தனாரின் மார்பகத்தில் பளிச்சென்று ஒரு கல்யாண மோதிரம்.

வண்டியில் நாங்கள் சிரித்தது இதற்குத்தான். சிரித்து முடித்த பிறகு அவள் வீடு வரும்வரை வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். (வானத்தை அல்ல.)

4

இந்த இடத்தில் எனக்கு மஞ்சள் கிளிப் மேல் சந்தேகம் வந்தது. கதைக்கு ஒரு வில்லி வேண்டுமே. முதல் பிரதியில் அவருக்கு உதட்டுச் சுழிப்பு, நகச்சாயம், அலட்சியமான பார்வை எல்லாம் கொடுத்து

நாத்தனார் அந்த வரிகளை அடித்துவிட்டாள். அந்தப் பெண் நல்லவர், ஓடி ஓடி வந்த வலியில் அவர் இடுப்பைப் பிடித்துக்கொண்டதைத் தான் பார்த்ததாகச் சொன்னாள். ஒரு பெண்ணுக்குப் பத்து நிமிஷம் என்று யாரோ மேலேயிருந்து கணக்குப் போட்டிருக்கிறார்கள், அதற்கு இவர் என்ன செய்வார் என்றாள். சரி, நகச்சாயத்தைத் துடைத்துவிட்டேன்.

வில்லி இல்லாவிட்டால் ஒரு கட்டியாவது இருக்கட்டும் என்று தோன்றியது. சின்னதாக, பட்டாணி அளவில், குளிக்கும்போது கையில் தட்டுப்படுகிற மாதிரி. கதைக்கு ஒரு விறுவிறுப்பு வரும். தயங்கித் தயங்கிக் கேட்டேன்.

“கட்டி வந்தாத்தான் நான் கதையில வரலாமா அண்ணி? ஒண்ணும் இல்லாதப்பவே போய்ப் பாக்கறதுக்குத்தான அதுக்குப் பேரு பரிசோதனை? மத்த பொம்பளைங்க எல்லாம் ஒண்ணும் இல்லாமத்தான் போறாங்க, பாக்கறாங்க, வந்து வேலையப் பாக்கறாங்க. எனக்கும் அதே போதும்.”

கட்டியை எடுத்துவிட்டேன். எழுத்தாளர்கள் இப்படி எத்தனை பேர் உடம்பில் எதையெல்லாம் வைத்திருப்போம்.

5

மோதிரம் விழுந்த படம் உதவாது என்று மஞ்சள் கிளிப் தானே கூப்பிட்டு இன்னொரு நாள் வரச்சொன்னார். இந்த முறை தூக்குவதற்கு ஆள் ஏற்பாடு செய்வதாகச் சொன்னார். போனோம். அந்த ஆளைத் தேடி அவர் வெளியே போயிருந்த நேரத்தில், நாத்தனார் இயந்திரத்தின் அடிப்பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். நின்றுகொண்டிருந்தவர்கள் யாரும் அங்கே பார்க்கவில்லை, நான் உட்பட.

தட்டுகளுக்கு நேர் கீழே பச்சைத் துணி போர்த்திய ஒரு மேடை இருந்தது. துணியின் ஓரங்களைக்கூட அழகாக மடித்துவிட்டிருந்தார்கள். மஞ்சள் கிளிப் திரும்பி வந்ததும் இவள் அது என்ன என்று கேட்டாள். அது மெஷினுடைய அடிப்பாகம், தொடக் கூடாது என்று சேரும்போதே சொல்லிக்கொடுத்தார்கள் என்றார் அவர். நாத்தனார் நாற்காலியை முன்னே ஓட்டி, துணியை ஒரு இழு இழுத்தாள்.

மூன்று அட்டைப்பெட்டிகள். ஒன்றின் மேல் ஒன்று. பிரித்துப் பார்த்தோம். உள்ளே துண்டுப் பிரசுரங்கள். ‘பெண்களே, தயங்காதீர்கள். பரிசோதனைக்கு வாருங்கள்.’ பக்கத்தில் ஒரு பெண் சிரித்துக்கொண்டு நிற்கிற படம்.

வாசகரே, நீங்கள் நம்பமாட்டீர்கள். நானாக இதைக் கதையில் வைத்திருந்தால் என் பதிப்பாளர், ‘என்னம்மா இது, இவ்வளவு கச்சிதமா?’ என்று சிவப்பு மையால் அடித்திருப்பார். எனக்கும் கூச்சமாகத்தான் இருக்கிறது. என்ன செய்ய, பெட்டிகள் அங்கே இருந்தன. எப்போதோ யாரோ இடம் போதாமல் அங்கே வைத்திருக்கிறார்கள், இன்னொருவர் அசிங்கமாகத் தெரிகிறதென்று துணி போட்டிருக்கிறார், அடுத்து வந்தவர் துணியைத் துவைத்துப் போட்டிருக்கிறார். பெட்டிகள் மெஷினாகிவிட்டன.

பெட்டிகளை நடைக்கு இழுத்துப் போட்டதும் மஞ்சள் கிளிப் பொத்தானை அழுத்தினார். இயந்திரம் முனகிக்கொண்டே இறங்கியது. மூக்கு, கழுத்து, மார்பு. நாற்காலி அதன் அடியில் அழகாகப் போய் நின்றது. மஞ்சள் கிளிப் வாயில் கையை வைத்துக்கொண்டார். இடது பக்கம் எடுத்து முடிக்க ஒரு பாட்டு கேட்கிற நேரம்கூட ஆகவில்லை.

கதை இங்கேயே முடிந்திருந்தால் நான் இதைச் சிறுவர் இதழுக்கு அனுப்பியிருப்பேன்.

வலது பக்கத்தில் அவளுக்குத் தோள் இறுகும். சும்மா இருக்கும்போது பரவாயில்லை. நீட்டு, தூக்கு என்று அவசரப்படுத்தினால் அது பிடிவாதமாக உடம்போடு ஒட்டிக்கொள்ளும். வெந்நீரில் நனைத்த துணியை வைத்து, பேச்சுக் கொடுத்து, மெல்ல மெல்ல விலக்க வேண்டும். மஞ்சள் கிளிப் வெந்நீருக்குச் சொல்லி அனுப்பினார். அதற்குள் கதவைத் தட்டினார்கள். அடுத்தவர் காத்திருக்கிறார். மறுபடி தட்டினார்கள். தட்டத் தட்டத் தோள் இன்னும் இறுகியது. கடைசியில் மஞ்சள் கிளிப் அவள் முகத்தைப் பார்க்காமல், மிச்சத்தை இன்னொரு நாள் வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டார்.

வெளியே டாக்டர் என்னிடம் சொன்னார், அவளிடம் அல்ல: “இடது பக்கம் நல்லா இருக்கு. வலது பக்கம் நோயாளி ஒத்துழைக்கல.”

நாத்தனார் செருமக்கூட இல்லை. வண்டியில் ஏறிய பிறகுதான் பேசினாள்.

“ஒத்துழைக்கல,” என்றாள். கொஞ்சம் கழித்து, “ஒத்துழைக்கல.”

6

இனி அந்தப் பக்கமே தலைவைத்துப் படுக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டாள். பாதி நல்லா இருக்கு, மீதியையும் நல்லா இருக்குன்னு நெனச்சுக்கறேன் என்றாள். நான் என்னால் முடிந்ததைச் செய்தேன். அதாவது எழுதினேன்:

மறுநாள் விடிந்ததும் அவள் மனம் மாறி

மாறவில்லை.

எழுதியதை எடுத்துக்கொண்டு அவளுடைய கண்ணாடி அறைக்குப் போனேன். ஒரு வண்டி போய் அடுத்தது வராத இடைவெளி. ஃபிளாஸ்கிலிருந்து எனக்கும் ஊற்றிக் கொடுத்தாள். நான் கெஞ்சினேன், மிரட்டினேன், அண்ணனிடம் சொல்லிவிடுவேன் என்றேன். அம்மா இருந்திருந்தால் உன்னை இப்படி விடுவாங்களா என்று கேட்டேன். அதைக் கேட்டிருக்க வேண்டாம்.

“அம்மா ஏன் காட்டிக்கலன்னு தெரியுமா அண்ணி?” என்றாள். “என்னை இடுப்புல தூக்கிட்டு ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியா அலைஞ்சாங்க. எல்லா இடத்துலயும் சீட்டு என் பேருலதான். தனக்கு ஒண்ணு போட்டுக்கணும்னு ஒரு நாள்கூடத் தோணல. வலது பக்கம் கட்டி வந்தப்ப, இவளைத் தூக்கித் தூக்கி வந்த சதைப்பிடிப்புன்னு நெனச்சு தைலம் தேச்சுக்கிட்டாங்க.”

நான் பழக்கதோஷத்தில் இரண்டாவது தடவைக்காகக் காத்திருந்தேன்.

“இதை ரெண்டாவது தடவை சொல்ல மாட்டேன்,” என்றாள். மைக்கைத் திறந்து, ஏதோ ஒரு வண்டி அரை மணி தாமதம் என்று ஊருக்கு இரண்டு முறை அறிவித்தாள்.

இதற்குப் பொருத்தமாக ஒரு நல்ல வாக்கியம் எழுத வேண்டும் என்று உட்கார்ந்தேன். வரவில்லை. அதனால் இருப்பதைச் சொல்கிறேன். எனக்குப் பயமாக இருக்கிறது. இவள் செத்துப்போய்விடுவாளோ என்று பயமாக இருக்கிறது. இத்தனை பேரைக் காகிதத்தில் கொன்றவளுக்கு இந்த ஒருத்தியை விட மனமில்லை.

7

முடிவுகள். பிடித்ததை எடுத்துக்கொள்ளலாம் என்று எழுதத்தான் நினைத்தேன். அவள் விடவில்லை.

அ) சில வருஷங்கள் கழித்து, ஒரு மழைநாளில், பேருந்து நிலையத்தில் வேறொரு குரல் ஒலித்தது. பயணிகள் நிமிர்ந்து

“வாக்குக் குடுத்தீங்க.” அடித்தாயிற்று.

ஆ) அவளுடைய விடாமுயற்சியைப் பாராட்டி ஊரே திரண்டது. புதிய இயந்திரத்தை அவளே ரிப்பன் வெட்டித் திறந்துவைக்க, எழுந்த கைதட்டலில்

“கத்திரிக்கோல் எட்டாது.” அடித்தாயிற்று.

இ) மஞ்சள் கிளிப் ஒரு நாள் போன் செய்தார். ‘எல்லாரும் போன பிறகு வாங்க. எவ்வளவு நேரம் ஆனாலும் பரவாயில்லை.’

இது எனக்கு மிகவும் பிடித்திருந்தது. அவளுக்கும் பிடித்திருந்தது என்று நினைக்கிறேன், ஏனென்றால் இன்னொரு தடவை படிக்கச் சொன்னாள். பிறகு, “அவங்கள வேற ஊருக்கு மாத்திட்டாங்க அண்ணி,” என்றாள். எப்படித் தெரியும் என்று கேட்டேன். போன் பண்ணினாளாம்.

யார், இவளா?

இவள்தான். நான் கண்ணாடி அறையிலிருந்து மூக்கைச் சிந்திக்கொண்டு போன மறுநாளே கூப்பிட்டிருக்கிறாள். புதிதாக வந்தவர், மெஷின் அதற்குக் கீழே இறங்காது மேடம், அடிப்பாகம் இடிக்கும் என்றாராம். புதிய பிரசுரங்கள் வந்திருக்கின்றன போலிருக்கிறது.

அதற்குப் பிறகு அவள் ஒரு பழக்கம் வைத்திருக்கிறாள். ஒரு வண்டிக்கும் அடுத்த வண்டிக்கும் நடுவே, ஊரில் உள்ள ஸ்கேன் சென்டர்களை ஒவ்வொன்றாகக் கூப்பிடுகிறாள். போய் அவமானப்படுவதைவிடக் கேட்டு அவமானப்படுவதில் அலைச்சல் கம்மி என்கிறாள். ஒருவர் லைனில் இருக்கச் சொல்லிவிட்டுப் போனவர், இன்னும் வரவில்லை. ஒருவர், கூட ஆம்பளை ஆள் யாராவது வருவாங்களா என்றார். ஒரு பையன் மிகுந்த பெருமையோடு, “எங்ககிட்ட சாய்தளம் இருக்கு மேடம்,” என்றானாம்.

“சாய்தளத்து மேல மார்ப வெச்சுப் படமெடுக்க முடியாது தம்பி,” என்றிருக்கிறாள். ஆனால் போனை வைக்கவில்லை. அதற்கு அடுத்த இடத்தையும் கூப்பிட்டாள்.

8

ஆகவே முடிவு என்னிடம் இல்லை. அவளிடமும் இல்லை. அவளுடைய வலது பக்கத்தை இதுவரை யாரும் பார்க்கவில்லை. அங்கே ஒன்றும் இல்லாமல் இருக்கலாம். இருக்கலாம். எழுதுகிறவளுக்கு எல்லாம் தெரியும் என்பார்கள், எனக்குத் தெரியாது.

உங்களிடம் ஒன்று கேட்கிறேன். கொஞ்ச நேரம் நீங்கள் ஒரு ஸ்கேன் சென்டரின் வரவேற்பு மேஜையில் உட்காருங்கள். நாற்காலி வசதியாகத்தான் இருக்கும். எதிரே ஆட்கள் காத்திருக்கிறார்கள், யாரோ ரசீது கேட்கிறார்கள், போன் அடிக்கிறது. எடுங்கள்.

எங்கோ கேட்ட குரல் மாதிரி இருக்கும். எங்கே என்று யோசிப்பீர்கள். பின்னால் பஸ் ஹாரன் சத்தம் கேட்கும். அவள் ஒரு கேள்வி கேட்பாள். ‘சாய்தளம் இருக்கு’ என்று உங்கள் வாய் தானாகத் திறக்கும், மூடிக்கொள்ளுங்கள். ‘ஒரு நிமிஷம், கேட்டுச் சொல்றேன்’ என்று சொல்லிவிட்டுத் தொலைந்துபோகாதீர்கள். அந்த அறைக்குள் போங்கள். குனியுங்கள். துணி ஏதாவது போர்த்தியிருந்தால் தூக்கிப் பாருங்கள். அவள் லைனில்தான் இருக்கிறாள். அடுத்த வண்டி வருவதற்கு இன்னும் கொஞ்சம் நேரம் இருக்கிறது.

முதல் தடவை கேட்டபோது நீங்கள் ரசீதைக் கிழித்துக் கொடுத்துக்கொண்டிருந்தீர்கள், சரியாகக் காதில் விழவில்லை. பரவாயில்லை, அவளுக்குப் பழக்கம்தான். இதோ மறுபடியும் கேட்கிறாள்:

“உங்க மெஷின் உக்காந்த உயரத்துக்கு இறங்குமா?”